செவ்வாய்க்கிழமை விளம்பரம்

மேர்லினுக்கு நீரலை மகளிர் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்த பதவி அலுவலக உதவியாளர். பதினொரு வருடமாக அவள் செய்துவந்த வேலைகளோ அந்தப் பெயருக்குள் அடங்காதவை. கடிதம் தட்டச்சுச் செய்வாள். வாகரைக்கும் வாழைச்சேனைக்கும் பஸ் ஏறிப் போய்த் தையல் குழுக்களின் கூட்டங்களை நடத்துவாள். கருவாட்டுப் பொதி செய்யும் பெண்களுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்வாள். எல்லாவற்றுக்கும் அறிக்கை எழுதுவாள். அறிக்கையின் கீழே பணிப்பாளர் பீற்றிஸ் கையொப்பம் இடுவார். வருடம் முடியும்போது மேர்லினின் ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும். முப்பத்திரண்டு வயதாகியும் நிரந்தர நியமனம் என்ற ஒன்றை அவள் கையில் வாங்கவில்லை.

நிலையத்தின் விளம்பரங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. அதை அவள் பட்டுத்தான் படித்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வாகரைப் பெண்களுக்கான பேக்கரிப் பயிற்சியை அதிகம் விற்கும் கொழும்புப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் போட்டாள். ஏறாவூரிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. வாகரையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. காரணம் தேடி அங்கு போனபோது, சந்திக் கடைக்கு ஐந்து பிரதிகள்தான் வருகின்றன, அதுவும் பிற்பகல் பஸ்ஸில்தான் வருகின்றன என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் பத்திரிகை எத்தனை மணிக்குப் போகிறது, யார் வாங்குகிறார்கள், வாங்கியவர் வாசித்து முடித்தபின் யாருக்குக் கொடுக்கிறார் என்பதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டாள். வேலை தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார்கள். ஓட்டமாவடித் தேநீர்க் கடைகளில் பிரதேசச் செய்தி அதிகம் போடும் பத்திரிகைதான் கைமாறும். கொழும்பிலிருந்து வரும் இன்னொரு சின்னப் பத்திரிகை மட்டக்களப்புக்கு இருபது பிரதிதான் வருகிறது. அவற்றில் பாதி நூலகங்களிலேயே கிடக்கும்.

நகரில் விளம்பரம் எடுக்கும் முகவர் ஜிப்ரி நானா, காத்தான்குடிக்காரர். தன்னைவிட மேர்லினுக்குத்தான் பேப்பர் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அது பீற்றிஸின் காதுக்கும் போயிருந்தது.

பெப்ரவரி மாதம் பீற்றிஸ் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மூன்று வருடத் திட்டம் ஒன்று கிடைத்திருப்பதாகவும், அதற்குக் கள இணைப்பாளர் ஒருவரை நிரந்தரமாக எடுக்கலாம் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

"உன்ன நினைச்சுத்தான் புள்ள இதக் கேட்டு எடுத்தன்," என்றார். "ஆனா விளம்பரம் போடாம ஏலாது. ரெண்டு பத்திரிகையில கட்டாயம் வரோணுமாம். ஐநூறு பேர் விண்ணப்பிச்சா, அதுக்குள்ள பட்டதாரியெல்லாம் வந்து நிண்டா, நான் உன்ன எப்பிடி எடுக்கிற?"

மேர்லின் பட்டம் பெற்றவள் அல்ல. அவள் உயர்தரம் வரைதான் படித்தவள்.

"நீதானே பேப்பர் தெரிஞ்சவள். ஆக்கள் பாக்காததா ரெண்டு பாரு. பேஸ்புக்கிலயும் இந்த முறை போட வேணாம்."

பீற்றிஸ் அவளுக்கு அந்நியர் அல்ல. மேர்லினின் தாய் இறந்தபோது அடக்கம் முடியும்வரை வீட்டில் கூடவே நின்றவர். அவளுடைய கலியாணத்துக்குத் தன் நகையைக் கழற்றிப் போட்டு அனுப்பியவர். அதனால் அவர் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது என்று மேர்லினுக்குத் தோன்றியபோதும், அது தனக்காகச் செய்யப்படும் பிழை என்றுதான் பட்டது. பதினொரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறவள் தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவன் அன்ரோவிடம், நிரந்தரமாகப் போகிறது என்று மட்டும் சொன்னாள். பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆங்கிலப் பத்திரிகை ஒன்றையும் அந்த இருபது பிரதிப் பத்திரிகையையும் தெரிவு செய்தாள். நாள், செவ்வாய். மார்ச் பன்னிரண்டு. பதிவுப் படிவத்தில் தன் கையாலேயே எழுதினாள்: 'செவ்வாய் மட்டும். ஞாயிறு வேண்டாம். சிறிய அளவு போதும்.' ஜிப்ரி நானா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளை நோக்கினார்.

"செவ்வாயில போட்டா ஆரு தங்கச்சி பாக்கிற?"

பீற்றிஸ் அக்கா சொன்னபடி எழுதியிருக்கிறேன் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். பிறகு, இருக்கட்டும் நானா, அவசரம் என்று முடித்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஸஹ்ரா தொலைபேசி எடுத்தாள்.

ஸஹ்ரா ஓட்டமாவடியைச் சேர்ந்தவள். நிலையத்தில் ஆறு வருடம் தொண்டராக வேலை செய்தவள். மேர்லினும் அவளும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, வாகரை வரையுள்ள வீடுகளையெல்லாம் ஏறி இறங்கியவர்கள். திட்டம் முடிந்து தொண்டர்களை நிறுத்தியபோது ஸஹ்ரா வீட்டிலிருந்தபடியே படித்து வெளிவாரிப் பட்டம் எடுத்தாள். கணவன் கத்தாரிலிருந்து வேலை இழந்து திரும்பியபின் அவளுக்கு வேலை அவசியமாகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறையாவது மேர்லினைக் கூப்பிட்டு, ஏதும் வெற்றிடம் வருகிறதா என்று கேட்பாள்.

அன்று அவள் கூப்பிட்டது நோன்பின் முதல் நாள். நோன்பு திறந்த கையோடு எடுத்திருந்தாள். மகள் இனாயா இந்த முறை அரை நோன்பு பிடித்தாள் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இப்ப ஒண்டும் வரல்லடி," என்றாள் மேர்லின். "வந்தா சொல்லுவன்தானே."

விண்ணப்ப முடிவுக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் ஸஹ்ராவின் பெயர் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவள் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுச் செய்தாள்.

மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று மேர்லினுடையது. இன்னொன்று மன்னாரிலிருந்து வந்தது. அந்த ஆள் நேர்முகப் பரீட்சைக்கு வரவில்லை. மூன்றாவது சதீஸ் என்ற இளைஞனுடையது. பீற்றிஸின் தங்கையின் மகன், கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்த விண்ணப்பத்தைத் திறந்தபோது மேர்லினுக்கு வியப்பாகத்தான் இருந்தது. இவன் எங்கே பேப்பர் பார்த்தான் என்று யோசித்தாள். ஆட்கள் மூன்று பேராவது இருந்தால்தானே நேர்முகம் நடத்தலாம், அதற்காக அக்கா போடச் சொல்லியிருப்பார் என்று தானே ஒரு பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

நேர்முகம் நன்றாக நடந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், தையல் குழுக்களைப் பற்றி நிறையக் கேட்டார். வாகரையில் எந்தக் குழு ஏன் உடைந்தது, மீண்டும் எப்படிச் சேர்ந்தது என்று மேர்லின் சொல்லச் சொல்ல அவர் குறிப்பெடுத்தார். நிர்வாக சபைப் பொருளாளரான ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பீற்றிஸ் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன்னை நன்றாகத் தெரிந்தவர் என்பதால் கேட்கவில்லை என்று மேர்லின் நினைத்தாள்.

ஒரு கிழமை கழித்து பீற்றிஸ் ஒரு கடித உறையை அவள் மேசையில் வைத்து, நேர்முகத் தாள்களைக் கோவையில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுக் கூட்டமொன்றுக்குப் போனார். கோவையில் போடுவதற்கு முன் தாள்களை ஒழுங்குபடுத்துவது மேர்லினின் பழக்கம். புள்ளித் தாள்கள் ஆறு இருந்தன. கொழும்பு அதிகாரி அவளுக்கு எழுபத்தெட்டு போட்டிருந்தார். பொருளாளர் எழுபத்தொன்று. மூன்றாவது தாளில் இருந்த எழுத்து அவள் பதினொரு வருடமாகப் பார்த்துவந்த எழுத்து. நாற்பது என்று இருந்தது. 'தலைமைத்துவம் போதாது, பொறுப்பெடுத்து முடிவு செய்யும் ஆற்றல் இல்லை' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. சதீஸுக்கு அதே எழுத்தில் தொண்ணூற்றிரண்டு; மற்ற இருவரும் அவனுக்கு அறுபதை ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

மூன்றையும் அவள் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டாமலே தெரிந்தது. உறையின் அடியில், சதீஸுக்கான நியமனக் கடிதத்தின் கையெழுத்துப் பிரதி இருந்தது. அவள் தட்டச்சுச் செய்வதற்காக வைக்கப்பட்டது.

அவள் அதைத் தட்டச்சுச் செய்தாள். ஏன் செய்தாள் என்று பிறகு அன்ரோ கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. கை பழகிய வேலையைச் செய்தது, அவ்வளவுதான். அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு, பீற்றிஸ் திரும்பி வரும்வரை கதிரையிலிருந்து எழும்பாமல் இருந்தாள்.

"நாப்பது போட்டது நீங்கதானே அக்கா?"

பீற்றிஸ் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. "அந்தத் தாள நீ என்னத்துக்கு வாசிச்ச?"

"கோவையில போடச் சொன்னது நீங்க."

பீற்றிஸ் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தணித்து, தங்கை வந்து அழுதாள், தகப்பன் இல்லாத பிள்ளை, கொழும்பில் அவனுக்குச் சரிவரவில்லை என்றெல்லாம் சொன்னார். மேர்லினுக்கு இப்போதும் ஒரு வேலை இருக்கிறது, அவனுக்கு அதுவும் இல்லை என்றார். அடுத்த திட்டத்தில் பார்ப்போம் என்றார்.

"அப்ப என்ட பேரச் சொல்லி ஏன் என்னக் கொண்டு அந்த விளம்பரத்தப் போடுவிச்ச நீங்க?"

தொலைபேசி அடித்தது, பீற்றிஸ் எடுத்துக் கதைக்கத் தொடங்கினார்.

மேர்லின் வேலையை விட்டுவிடவில்லை. விடுவதற்கு வழி இருக்கவில்லை. சதீஸ் வந்து சேர்ந்தான். கெட்ட பையன் அல்ல. அவளை மேர்லின் அக்கா என்று மரியாதையாக அழைத்து, குழுத் தலைவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டான். கிழமைக்கு மூன்று நாள் அவனுக்குப் பாதை சொல்லிக் கொடுத்தது மேர்லின்தான். பீற்றிஸ் முன்பு போலவே புள்ள என்று கூப்பிட்டார். முன்பு போலவே இறால் கறி சமைத்தால் ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கறியை மேர்லின் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்ரோவுக்குக் கொடுத்துவிடுவாள்.

ஜூலை மாதம் கொழும்பு அதிகாரி முன்னறிவித்தல் இல்லாமல் வந்து இறங்கினார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு போயிருந்தது. கள இணைப்பாளர் பதவிக்கு விளம்பரமே வரவில்லை, வந்ததாகச் சொல்லப்படும் பத்திரிகை எங்கள் பிரதேசத்தில் எந்தக் கடையிலும் விற்பதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிகாரி பெயரை வாசிக்காமல் கடிதத்தை மட்டும் வாசித்தார். 'ஆறு வருடங்கள் தொண்டராகக் கடமையாற்றி' என்ற இடம் வந்ததும் மேர்லினுக்கு யார் என்று விளங்கிவிட்டது. சதீஸ் ஓட்டமாவடிக் குழுவுக்குப் போன அன்றே ஸஹ்ரா இதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

பீற்றிஸ் அலுமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அதிகாரி முன் வைத்தார். ஜிப்ரி நானாவின் கடையில் மேர்லின் நிரப்பிய படிவத்தின் பிரதி.

"பத்திரிகைகளைத் தெரிவு செய்தது இவர்தான். இவருடைய எழுத்துத்தான் இது," என்றார் பீற்றிஸ். "இவரும் ஒரு விண்ணப்பதாரி. அதை நான் அந்த நேரம் யோசிக்காமல் விட்டது என்ட பிழை."

புள்ளித் தாளைக் கண்ட அன்றுகூட மேர்லினுக்கு இப்படி இருக்கவில்லை. பதினொரு வருடம் நீ, புள்ள என்று அழைத்த வாய், அந்நியர் ஒருவரைச் சுட்டுவதுபோல இவர் என்று சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னது.

அதிகாரி அவளைப் பார்த்து, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஓம் என்றாள். ஞாயிறு வேண்டாம் என்று எழுதியதும் நீங்களா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றாள். பணிப்பாளர் சொல்லித்தான் செய்தேன் என்று சொன்னபோது, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, யாராவது கேட்டுக்கொண்டு இருந்தார்களா என்று அவர் விசாரித்தார். சாத்திய கதவுக்குள் நடந்த கதை அது. ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினாள். அன்ரோ கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஸஹ்ரா வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மேர்லினைக் கண்டதும் ஈரக் கையோடேயே வந்து கட்டிக்கொண்டாள். உள்ளே இருத்தி, தேத்தண்ணி வைக்கப் போனாள். அடுப்படியிலிருந்தே, தான் முறைப்பாடு எழுதியதையும், அதனால் மேர்லினுக்கு அலுவலகத்தில் ஏதும் கரைச்சல் வந்துவிடக் கூடாது என்று அவளிடம் சொல்லாமல் எழுதியதையும் சொன்னாள். மேர்லின் எழும்பி அடுப்படி வாசலுக்குப் போனாள். ஸஹ்ராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பீற்றிஸ் சொன்னதைச் சொன்னாள். பேப்பர்களைத் தெரிவு செய்தது தான் என்றாள். ஓட்டமாவடிக்கு வராத பேப்பர் எது என்று தெரிந்துதான் தெரிவு செய்தேன் என்றாள்.

ஸஹ்ரா அடுப்பை அணைத்தாள்.

"எத்தினாந் திகதி கா வந்த அந்த விளம்பரம்?"

"மார்ச் பன்னிரண்டு."

ஸஹ்ரா விரலை மடக்கிப் பார்க்கவில்லை. உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தல நோன்பு அண்டு. நான் ஒனக்குக் கோல் எடுத்த. இனாயா அரை நோன்பு பிடிச்ச எண்டு சொன்ன நான்."

ஓம் என்றாள் மேர்லின்.

"முப்பத்தஞ்சுக்குக் குறைஞ்ச ஆக்களைத்தானே கேட்டிரிந்த? எனக்கு மே மாசம் முப்பத்தஞ்சு முடிஞ்சிட்டு. இனி திருப்பிப் போட்டாலும் எனக்கு ஏலாது." அவள் குரல் உயரவில்லை. "பீற்றிஸ் மேடம் எனக்கு ஆரு கா? அவ செஞ்சத நான் தாங்குவன்."

தேத்தண்ணி ஊற்றப்படாமலே கிடந்தது. ஸஹ்ரா, பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று சொன்னாள். போ என்று சொல்லவில்லை. மேர்லின் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது பின்னால் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து மேர்லின் தலைமை அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். நடந்தது எல்லாவற்றையும், தன் பங்கையும் சேர்த்து எழுதினாள். தன் பதவி விலகலையும் அதிலேயே எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு கோரிக்கை வைத்தாள். பதவிக்கு மீண்டும் விளம்பரம் போடுவதாக இருந்தால், வயதை முதல் விளம்பரத்தின் முடிவுத் திகதியை வைத்துக் கணக்கெடுக்க வேண்டும், அந்த விளம்பரத்தைப் பார்க்க முடியாமல் செய்யப்பட்டவர்கள் அதனால் வயதை இழக்கக் கூடாது என்று எழுதினாள். எந்த ஊருக்கு எந்தப் பத்திரிகை என்றும் ஒரு பட்டியல் இணைத்தாள். அன்ரோ வாசித்துவிட்டு, இதை முதலே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டான்.

சதீஸின் நியமனம் ரத்தானது. அவன் மீண்டும் கொழும்புக்குப் போய்விட்டான். பீற்றிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்ததாகக் கேள்வி. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதே அறையில், அதே மேசையில் இருந்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. கல்லடியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மேர்லின், மூன்றையும் வாங்கி வந்து கட்டிலில் விரித்துப் பார்த்தாள். வயது 2024 மார்ச் 22ஆந் திகதியன்று கணிக்கப்படும் என்று மூன்றிலும் இருந்தது. அதைப் படமெடுத்து ஸஹ்ராவுக்கு அனுப்பினாள். பார்த்ததற்கான இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

பீற்றிஸை அவள் கோயிலில் காண்கிறாள். இருவரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள், தப்பிக்க வழியில்லை. ஒரு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம், முன் வாங்கிலில் இருந்த பீற்றிஸ் திரும்பிக் கைகூப்பி, எதுவுமே நடக்காதவர்போலச் சிரித்தார். மேர்லினின் கைகள் பழக்கத்தில் கூப்பிக்கொண்டன. வாயிலிருந்து சொல் வரவில்லை. பீற்றிஸ் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அடுத்த ஆளின் பக்கம் திரும்பிவிட்டார்.

நவம்பரில் ஜிப்ரி நானா இருமல் மருந்து வாங்க வந்தார். அந்த இடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்ததாகச் சொன்னார். வேலை கிடைத்தது வாகரைப் பிள்ளை ஒருத்திக்கு. கடலுக்குப் போகிறவரின் மகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருந்தவள். நேர்முகத்தில் அவளுக்கு மேலே ஒருவரும் இல்லையாம். மார்ச் மாதமும் அந்தப் பிள்ளை வாகரையில்தானே இருந்திருப்பாள் என்று மேர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவள் ஸஹ்ரா ஒருத்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸஹ்ரா மூன்றாவதாக வந்தாள் என்றார் நானா. இப்போது நகரில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கிழமைக்கு இருமுறை தன் கடைப்பக்கம் வருகிறாள், மூன்று பேப்பர் வாங்கிக்கொண்டு போகிறாள் என்றார்.

மேர்லின் போத்தலைப் பையில் போட்டு நீட்டினாள். "என்னப் பத்தி ஏதும் கேட்டவளா நானா?"

ஜிப்ரி நானா மிச்சக் காசை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இல்ல தங்கச்சி," என்றார். "கேக்கல்ல."